நாலு மணிக்காரன்

மார்ச் 16, ஞாயிறு

டியூட்டி ரிப்போர்ட் எழுதாமல் படுத்தால் எனக்குப் புரளத்தான் முடியும், தூக்கம் வராது. பிரசவ வார்டில் முப்பது வருஷம் ஸ்டாஃப் நர்சாக இருந்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம். நாகர்கோவிலில் இருந்தவரை வீட்டிலும் எழுதினேன். இப்போது சுவிட்சர்லாந்தில், பெர்ன் நகரத்தில், மகன் விஜினின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வார்டு ஒன்று, நோயாளி ஒருவர். பெயர் மாசிலாமணி. வயது அறுபத்தாறு. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்குக் கணவர். ஒத்துழைப்பு: சுமார்.

ஜனவரியில் வந்தோம். இங்கே தங்க அனுமதி வாங்கிய கதையை எழுதினால் இந்த டைரி அதிலேயே தீர்ந்துவிடும். வீடு நாலாவது மாடி. ஹாலுக்கு வெளியே ஒரு பால்கனி. விஜின் ரயில்வேயில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான், கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் அவசரமாக ஆபீசுக்குக் கிளம்புவான்.

தமிழ்க் கடையில் ஒரு கறிவேப்பிலைச் செடி வாங்கினோம். அதை வெளியே வைக்க வேண்டும் என்று மாசிலாமணிக்கு ஆசை. கீழ் வீட்டம்மா படியில் வைத்தே தடுத்துவிட்டார், விஜின்தான் தமிழில் சொன்னான். மே மாத நடுவில் பனிப் புனிதர்கள் என்று நாலைந்து பேருடைய திருநாள் வருமாம். அவர்கள் கடைசியாக ஒரு குளிரைக் கொடுத்துவிட்டுப் போன பிறகுதான் இந்த ஊரில் செடியை வெளியே எடுப்பார்களாம். சரி, புனிதர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன். "ரெட்டைக் கண்ணாடிக் கதவும்மா, குளிரு வராது" என்றான் விஜின். வயசானவர்களுக்கு எங்கிருந்தாவது வரும் என்றேன்.

மார்ச் 19, புதன்

மழை. இட்லி மாவு பொங்க மாட்டேன் என்கிறது, ஹீட்டர் மேல் வைத்தேன். நாலு மணிக்கு யாரும் வரவில்லை.

மார்ச் 20, வியாழன்

நாலு மணிக்காரன் யார் என்று எழுதி வைக்கிறேன். பின்னால் நானே படித்துக் குழம்பக் கூடாது.

அது மாசிலாமணியின் தலைவலி. டாக்டர்கள் கிளஸ்டர் தலைவலி என்கிறார்கள், கொத்தாக வருவதால். பங்குனி பிறந்ததும் வரும், ஆனி வரை இருக்கும். தினமும் சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு வலது கண்ணுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகும். மற்ற மாதங்களில் ஆள் கல் மாதிரி இருப்பார். பதினோரு வருஷமாக இதுதான் நடப்பு.

"இஞ்ச பங்குனி கெடையாதுல்லா. அவனுக்கு அட்ரசு தெரியாம முழிச்சிட்டு நிப்பான்" என்கிறார். நான் சிரித்தேன். விஜின் சிரிக்கவில்லை.

நாலு மணி டீயை நானே கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். கூப்பிடுவதில்லை.

மார்ச் 22, சனி

அட்ரஸ் கண்டுபிடித்துவிட்டான்.

மாலை 4.05: வலது கண் சிவந்து நீர் வடிதல். மூக்கடைப்பு, வலது பக்கம். நோயாளி உட்காரவில்லை, ஹாலில் நடந்தார், சுவரில் நெற்றியை முட்டினார். தலையணையைக் குறுக்கே பிடித்தேன். இந்தத் தலைவலி ஆக்சிஜனுக்குக் கேட்கும் என்று சிலிண்டர் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தோம், மாஸ்க் வைத்ததும் கொஞ்சம் அடங்கியது. 5.10: முடிந்தது. தோசை இரண்டு சாப்பிட்டார்.

அப்பாவுக்கு வலி வரும்போது விஜின் முதல் தடவையாகப் பக்கத்தில் இருந்தான். பிறகு பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றான்.

மார்ச் 26, புதன்

இன்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். விஜின் ஆறு மாதமாக எழுதிக் கேட்டு வாங்கிய இடம். தலைவலிக்கு ஒரு புது ஆராய்ச்சி நடக்கிறது. டாக்டர் கெல்லர் உயரமான அம்மா, சைக்கிளில் வந்து இறங்கினார். கூட இருக்கும் நர்ஸ் தர்ஷினி, நம் தமிழ்ப் பிள்ளை, இங்கேயே பிறந்தவள், பெற்றோர் யாழ்ப்பாணம். அவள்தான் மொழிபெயர்ப்பும்.

மருந்து என்ன என்று விஜின் இவ்வளவு நாள் மென்று விழுங்கிக்கொண்டிருந்தான். எல்.எஸ்.டி.யாம்.

"அது கஞ்சா மாதிரியா?" என்றார் மாசிலாமணி, ஆர்வமாக.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ரை என்று ஒரு தானியம். ஈர வருஷங்களில் அதன் கதிரில் கறுப்பாக ஒரு பூஞ்சை பிடிக்கும், பெயர் எர்காட். அந்தப் பெயரைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எர்காட்டை எனக்குத் தெரியாதா? குழந்தை பிறந்து ரத்தம் நிற்காதபோது தொடையில் போடும் மெத்தர்ஜின் ஊசி அதிலிருந்து பிறந்ததுதான். எத்தனை தாய்மார்களுக்குப் போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. "அந்தக் குடும்பத்துப் பிள்ளையா இது" என்று கேட்டேன். தர்ஷினி சொன்னதும் டாக்டர் சிரித்து, ஒரு தாளில் வம்சாவளியே வரைந்து காட்டினார்.

எனக்குப் புரிந்த விதத்தில் எழுதுகிறேன். தாத்தா எர்காட், பொல்லாதவர். அந்தக் காலத்தில் இங்கே ரொட்டி மாவில் கலந்துபோய் ஊர் ஊராகக் கை கால் கருகி விழுந்திருக்கிறது, இல்லாததெல்லாம் கண்ணில் தெரிந்திருக்கிறது. அந்தோணியார் நெருப்பு என்று பெயராம். மூத்த பேத்தி மெத்தர்ஜின். வார்டு ஃபிரிட்ஜில் வெளிச்சம் படாமல் குடியிருப்பாள், கூப்பிட்ட நேரத்துக்கு வருவாள், தங்கமானவள். அடுத்தவன் எர்கோடமின், ஒற்றைத் தலைவலி மாத்திரை. இன்னொருத்தி தாய்ப்பாலை வற்றவைப்பவள். குழந்தை தவறிப்போன தாய்மாருக்கு அவளைக் கொடுப்போம், அவளைப் பற்றி வார்டில் சத்தமாகப் பேச மாட்டோம். கடைசிப் பையன் எல்.எஸ்.டி. வீட்டை விட்டு ஓடி, முடி வளர்த்து, போலீஸ் கேஸில் மாட்டி, இப்போது வயசான காலத்தில் ஆஸ்பத்திரிக்கே வந்து வேலை கேட்டு நிற்கிறான்.

"தாத்தா கொலகாரன், பேத்தி நர்சு, பேரன் ஊர்சுத்தி. நம்ம குடும்பத்தவிடப் பரவாயில்ல" என்றார் மாசிலாமணி.

அந்தப் பையன் மூளையில் என்ன செய்வான் என்றும் சொன்னார்கள். சுவர் மூச்சு விடுவது போல இருக்கலாம். சத்தம் நிறமாகத் தெரியலாம். ஒரு நிமிஷம் ஒரு மணி நேரமாக நீளலாம். சந்தோஷம் வரலாம், பயமும் வரலாம். பயம் வந்தால் ஓடக் கூடாது, நின்று பார்க்க வேண்டும், பக்கத்தில் ஆள் இருப்பார்கள். எல்லாருக்கும் கொடுக்க மாட்டார்கள், இதயம், மனசு எல்லாம் சோதித்துத்தான். இப்படிக் கொடுத்தால் தலைவலிக் கொத்து சிலருக்கு உடைந்து நின்றுவிடுகிறது, சிலருக்கு இல்லை, ஏன் என்று தங்களுக்கே முழுதாகத் தெரியாது என்றார் டாக்டர். தெரியாது என்று சொல்லும் டாக்டரை எனக்குப் பிடித்தது.

இரண்டு முறை கொடுப்பார்கள். ஒன்றில் மருந்து, ஒன்றில் வெறும் தண்ணீர். எது எது என்று அவர்களுக்கும் தெரியாது. அதற்கு முன்னால் இரண்டு வாரம் தர்ஷினி தினமும் போன் செய்து அன்றைய வலி பத்துக்கு எத்தனை என்று கேட்பாள். வலி கடுமையாக இருப்பவர்களுக்குத்தான் இடம்.

வரும் வழியில் ஆற்றுப் பாலத்தில் நடந்தோம். உயரமான பாலம், கீழே ஆறு பச்சையாக ஓடுகிறது. அவர் கைப்பிடி ஓரமாக நடந்தார். நான் அந்தப் பக்கம் மாறிக்கொண்டேன். எட்டிப் பார்த்தால் பாலத்துக்கு வெளியே நீளத்துக்கும் கம்பி வலை கட்டியிருக்கிறார்கள். நல்ல ஊர்.

மார்ச் 28, வெள்ளி

4.00 முதல் 5.20 வரை. ஆக்சிஜனுக்குக் கட்டுப்படவில்லை. தரையில் மண்டியிட்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தார். எட்டு மாதக் குழந்தையைப் போல முனகினார்.

ஆறு மணிக்கு தர்ஷினியின் போன். முகத்தைக் கழுவி, தலை சீவி, சட்டை மாற்றிக்கொண்டு போனை எடுத்தார்.

"வணக்கம் ஐயா. இண்டைக்கு எப்பிடி? பத்துக்கு எத்தினை சொல்லுவியள்?"

"ஒரு மூணு இருக்கும் பிள்ளே. பரவாயில்ல. நீ சாப்பிட்டியா?"

அடுக்களையில் நின்ற எனக்குக் கையில் இருந்த கரண்டி கனத்தது. போனை வைத்ததும் கேட்டேன். "என்னத்துக்கு மூணுன்னு சொன்னிய?"

"அந்தப் பிள்ள நாள் பூரா வலி, வலின்னு கேட்டுட்டுக் கெடக்கு. நாமளாவது நல்லதச் சொல்லுவோம்ட்டி."

எங்கள் ஊரில் எல்லாரும் இப்படித்தான். வார்டில் தையல் பிரிந்து கிடப்பாள், பெரிய டாக்டர் வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டால் சுகமாக இருக்கிறது என்பாள். டாக்டர் மனம் கோணக் கூடாது. வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பதுபோல ஒரு மரியாதை. டாக்டர் போன பிறகு உண்மையை நர்ஸிடம் சொல்வார்கள். இங்கே நர்ஸிடமே மூணு என்கிறார்.

ஏப்ரல் 2, புதன்

போனில் சொன்னது: இரண்டு. நான் பார்த்தது: சுவரில் பெயின்ட் உதிர்ந்திருக்கிறது.

ஏப்ரல் 5, சனி

மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும். மீன் ஃபிரிட்ஜ் மீன்தான், கடல் அதற்கு மறந்து பல மாதம் ஆகியிருக்கும். ஆனாலும் மூவரும் சட்டியை வழித்தோம். கிழங்குக்கு நாக்கில் ஊர் இருக்கிறது.

விஜின் பால்கனியில் துணி காயப்போடச் சாவி கேட்டான். தொலைந்துவிட்டது, தேடுகிறேன் என்றேன். என் கழுத்தைப் பார்த்துவிட்டு, துணியை ஹீட்டர் மேல் விரித்தான். சாவி என் தாலிச் செயினில் சிலுவைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. சட்டைக்கு வெளியே வந்திருந்தது போல.

ஏப்ரல் 9, புதன்

தர்ஷினி மதியமே கூப்பிட்டாள், என்னோடு பேச வேண்டும் என்று. "அம்மா, ஐயாவின்ர எண்கள் எல்லாம் குறைவா இருக்கு. இது ஒரு வகையில சந்தோசமான விசயம். ஆனா அவ்வளவு வலி இல்லாத ஆளுக்கு இந்த மருந்தைக் குடுக்க ஏலாது. வெள்ளிக்கிழமை டொக்டர் உங்களைக் கண்டு கதைப்பா. வேற ஆள் ஒருத்தர் காத்துக்கொண்டு இருக்கிறார்."

மாசிலாமணியிடம் சொன்னேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"போவட்டு. கஷ்டப்படுகவனுக்குக் கிட்டட்டு" என்றார்.

இந்தத் தலைவலி வந்த பதினோரு வருஷத்தில் இவர் மேல் இவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. இரவு ரசத்தில் உப்புப் போட மறந்தேன். அதையும் நல்லா இருக்கு என்று குடித்தார்.

ஏப்ரல் 11, வெள்ளி

முதலில் உண்மையை எழுதுகிறேன். எழுதாதது நடக்காதது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று வாயால் சொல்லிவிட்டேன், இனி எழுதாமல் இருந்து என்ன பயன்.

டாக்டர் அறையில் நால்வர். டாக்டர், தர்ஷினி, அவர், நான். டாக்டர் அன்பாகத்தான் ஆரம்பித்தார். வலி மிதமாக இருப்பது நல்ல செய்தி என்றார். மாசிலாமணி தலையாட்டிப் புன்னகைத்தார். கிளம்புவதற்குச் சட்டையைக்கூட இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நான் கொஞ்சம் பேசணும் பிள்ளே" என்றேன் தர்ஷினியிடம். "நான் சொல்லுகத அப்பிடியே சொல்லணும். ஒண்ணும் கொறைக்கப்பிடாது."

"ஓம் அம்மா. அப்பிடியே சொல்லுறன்."

மூணு இல்லை, பத்து என்றேன். தினமும் பத்து. இவர் டாக்டருடைய மனது நோகக் கூடாது என்று குறைத்துச் சொல்கிறார், எங்கள் ஊர்ப் பழக்கம். "சவத்த விடுட்டி" என்றார் அவர், தாழ்ந்த குரலில். நான் விடவில்லை.

போன வருஷம் சித்திரையில் ஒரு நாள். வீட்டுக்குப் பின்னால் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. கொடியில் கிடந்த துணியை எடுக்கப் பின்பக்கம் போனேன். இவர் அதன் மேடையில் ஏறி நிற்கிறார். கரண்ட்டை நிறுத்தும் ஃபியூஸைப் பிடுங்கவில்லை. கையுறை இல்லை. சர்வீஸ் முழுக்க மற்றவர்களுக்கு இதைச் செய்யாதே, இதைத் தொடாதே என்று பாடம் எடுத்த மனுஷன். செருப்பைக் கீழே ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தார். ஒரு கண் அப்படியே மூடிக் கிடக்கிறது, நாலு மணி அடித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும்.

நான் கத்தவில்லை. கத்தினால் ஆள் திடுக்கிட்டுக் கையை எங்காவது வைத்துவிடுவார் என்று தெரியும். "இஞ்ச பாருங்க, டீ ஆறுது" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, உள்ளே வந்து டீயைக் குடித்தார். நாங்கள் இருவரும் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. அதற்கப்புறம் நான் அவரை டீக்குக் கூப்பிட்டதே இல்லை.

இவ்வளவையும் சொன்னேன். பால்கனிச் சாவியைப் பற்றியும் சொல்ல வந்தேன், ஆனால் அவர் பக்கத்தில் இருந்தார், சொல்லவில்லை. தர்ஷினி ஜெர்மனில் சொல்லும்போது ஒரு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். எனக்கு உள்ளுக்குள் வேறொரு பயம் வந்துவிட்டது. இதைச் சொன்னதாலேயே மருந்து கிடையாது என்று சொல்லிவிடுவார்களோ. குறைத்துச் சொன்னால் இடம் இல்லை, கூட்டிச் சொன்னாலும் இடம் இல்லை என்றால் நாங்கள் எங்கே போவோம்?

டாக்டர் நாற்காலியை அவர் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து நேராகக் கேட்டார். சாக வேண்டும் என்று நினைத்தீர்களா?

மாசிலாமணி கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சாவணும்னு இல்ல பிள்ளே" என்றார் தர்ஷினியிடம். "அந்த ஒரு மணிக்கூறு இல்லாம ஆவணும். அதுக்கு வேற வழி தெரியல. அது போனப்பொறம் எனக்கு டீ வேணும், மீன் வேணும், எல்லாம் வேணும்."

மனநல டாக்டர் ஒருவர் இரண்டு முறை பார்த்துப் பேசிய பிறகு முடிவு சொல்வார்களாம். அதுவரை தினமும் போன், வலி தாங்க முடியாமல் போனால் உடனே வர ஒரு நம்பர்.

டிராமில் வரும்போது என்னோடு பேசவில்லை. இறங்கும்போது கையைப் பிடித்து இறக்கினார். நான் கீழே பார்க்காமல் இறங்குவேன் என்று அவருக்குத் தெரியும்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

அவரை ஆராய்ச்சியில் எடுத்துக்கொண்டார்கள். காலையில் விஜின் போனைப் பிடித்துக்கொண்டு ஹாலில் நின்றே அழுதான். ஆராதனைக்குப் போய்விட்டு வந்து கஞ்சியும் பயறும் வைத்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

முதல் முறை. ஆஸ்பத்திரி அறை வீடு மாதிரி இருக்கிறது: கட்டில், போர்வை, விளக்கு, மெல்லிய இசை. மொழி தெரியாத இடத்தில் பழகிய ஆள் பக்கத்தில் வேண்டும் என்று என்னையும் உள்ளே விட்டார்கள். சின்னக் கப்பில் மருந்து. அல்லது தண்ணீர். குடித்துவிட்டுக் கண்ணுக்குத் துணி கட்டிக்கொண்டு படுத்தார்.

ஒரு மணி நேரம். இரண்டு. நான் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டர் ஒரு சாண் வளர்ந்திருந்தது.

"ஐயா, என்ன தெரியுது உங்களுக்கு?" என்றாள் தர்ஷினி.

நான் ஊசியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். மயில் தெரிகிறது, தேவதூதர் தெரிகிறார் என்று ஏதாவது மரியாதை செய்துவிடுவாரோ என்று பயம். அவர் கண் துணியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியல பிள்ளே. கூரை தெரியுது. அங்க ஒரு ஒயரு சரியா மாட்டல, ஆளச் சொல்லிப் பாக்கச் சொல்லு. மத்தியானம் குடுத்த ரொட்டியும் நல்லா இல்ல."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நாலு மணிக்குத் தவறாமல் வந்தான் அவன். தண்ணீர்தான் போல. ஆனாலும் வீட்டுக்கு வரும்போது எனக்கு மனம் நிறைந்து இருந்தது.

ஏப்ரல் 25, வெள்ளி

போனில்: "ஒம்பது." கணவர் ஒம்பது என்று சொன்னதைக் கேட்டு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மே 3, சனி

வெயில். தெருவெல்லாம் மரங்கள் பூத்துக் கிடக்கின்றன. கறிவேப்பிலை புதுக் கொழுந்து விட்டிருக்கிறது, அதை எப்போது வெளியே வைப்பது என்று மூன்று முறை கேட்டார். புனிதர்கள் போகட்டும் என்றேன்.

பகலில் வெயில் அடித்தும் பால்கனியைத் திறக்கவில்லை. குளிர் என்று இனிச் சொல்ல முடியாது. யாரும் கேட்கவும் இல்லை.

மே 8, வியாழன்

நீளமாக எழுத வேண்டிய நாள், கை வலித்தாலும்.

இரண்டாவது முறை. ஒன்பதரைக்குக் கப்பில் இருந்ததைக் குடித்தார். இன்று மருந்துதான் என்று பத்தரைக்குள் தெரிந்துவிட்டது. கண்மணி விரிந்து கறுப்பாக நின்றது. பிபி கொஞ்சம் ஏறியது, நான் எட்டிப் பார்த்தேன், ஏறும் என்று முன்பே சொல்லியிருந்த அளவுதான். போர்வையைத் தடவிக்கொண்டே இருந்தார். ஆட்டுக் குட்டி படுத்திருக்கிறது என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கல்யாணமான புதிதில் அப்படிச் சிரிப்பார், நான் மறந்தே போயிருந்தேன்.

"ஏட்டி, லைனு சத்தம் கேக்குதா?"

"என்ன லைனு?"

"கரண்டு லைனு. பச்சையாக் கேக்குது." துணி கட்டிய கண்ணோடு கையை நீட்டிக் காட்டினார். "நான் இழுத்த லைனு பூரா தெரியுது. தக்கலை, திருவட்டாறு, கொலசேகரம். மல மேல அந்தக் கடைசி வீடு இருக்குல்லா, மழையில கம்பம் சொமந்துட்டுப் போனமே, அங்கயும் பல்பு எரியுது. ஒரு வீடு பாக்கியில்லாம எரியுதுட்டி."

தர்ஷினி மெதுவாக டாக்டருக்குச் சொன்னாள். டாக்டர் ஒன்றும் எழுதிக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

மத்தியானத்துக்கு மேல் முகம் மாறிற்று. அந்த டிரான்ஸ்பார்மர் வந்துவிட்டது. பெரிதாக, வீட்டைவிடப் பெரிதாக, ரீங்காரத்தோடு. உடம்பு விறைத்து, வியர்த்து, என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது. "அங்க போவாண்டாம். என்னால ஏலாது. வீட்டுக்குப் போவணும், என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

எழுந்து அவரைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடத்தான் எனக்குத் தோன்றியது. ஆனால் இந்த வார்த்தைகள் எனக்குப் பழக்கம். பிரசவ மேசையில் ஒவ்வொருத்தியும் கடைசியில் இதையேதான் சொல்வாள், என்னால் முடியாது, வீட்டுக்குப் போக வேண்டும் என்று. அவள் அதைச் சொல்லும்போது குழந்தை வாசலுக்கு வந்திருக்கும். தர்ஷினி மறு கையைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தலையசைத்தாள்.

"ஓடாதீங்க. மூச்ச விடுங்க. அது வரட்டு, நான் இஞ்சதான் இருக்கேன்" என்றேன். வார்டில் சொல்லும் அதே குரல் வந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அவருக்கு ஒரு வருஷம் ஆகியிருக்குமாம். பிறகு பிடி தளர்ந்தது. கண்ணீர் இரண்டு கண்ணிலும் வந்தது. நாலு மணிக்காரன் வந்தால் வலது கண்ணில்தான் வரும், இது இரண்டிலும் வந்தது.

"எறங்கிட்டேன்" என்றார். "ஃபியூசப் புடுங்கிட்டுத்தான் எறங்குனேன்."

கொஞ்ச நேரம் கழித்துக் கண் துணியை அவரே எடுத்தார். என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கையை நீட்டி என் செயினைத் தொட்டார்.

"பால்கனிச் சாவி."

நான் செயினைக் கையால் மூடினேன்.

"வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்ட்டி. அது ஒனக்க கழுத்துல கெடக்கது கண்டாத்தான் எனக்கு ஒறக்கம் வரும். நானே ஒங்கிட்ட தரணும்னு இருந்தேன், எப்பிடிச் சொல்லன்னு தெரியல."

இத்தனை மாதம் நான் அவரிடமிருந்து ஒளித்துவைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னிடம் கொடுத்துவைத்ததாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அழுதேன், தர்ஷினியும் அழுதாள், இதை மொழிபெயர்க்க வேண்டாம் என்று டாக்டர் கை காட்டினார்.

சுவர்க் கடிகாரத்தை நான் பார்த்தபோது மணி ஐந்தரை. நாலு மணி எப்போது போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

மே 9, வெள்ளி

4.15: வந்தான். அரை மணி நேரத்தில் போய்விட்டான். போனில்: "நாலு." உண்மையாகவே நாலுதான், நான் பக்கத்தில் இருந்தேன்.

மே 11, ஞாயிறு

நாலு மணி. நாலேகால். நாலரை. மூவரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் வரவில்லை. ஐந்து மணிக்கு விஜின் போய் ஐஸ்கிரீம் வாங்கி வந்தான்.

மே 13, செவ்வாய்

இன்றும் வரவில்லை. டாக்டர் அவசரப்பட்டுக் கொண்டாட வேண்டாம் என்கிறார். சிலருக்குத் திரும்ப வரும், அடுத்த வருஷமும் வரலாம். சரி. எர்காட் வீட்டிலிருந்து ஓடிப்போன பையன் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறான், அடுத்த வேலையை அப்போது பார்ப்போம்.

கல்யாணப் பேச்சு எடுத்தேன். விஜின் ஆபீசுக்குக் கிளம்பவில்லை. பொண்ணு எந்த ஊர் என்று மட்டும் கேட்டான்.

மே 16, வெள்ளி

நேற்றோடு பனிப் புனிதர்கள் போய்விட்டார்களாம். கீழ் வீட்டம்மா காலையிலேயே தன் தொட்டிகளை எல்லாம் வெளியே எடுத்துவிட்டார்.

மூன்றரை மணி இருக்கும். மாசிலாமணி கறிவேப்பிலைச் செடியைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக் கதவின் முன்னால் வந்து நின்றார். கேட்கவில்லை. தொட்டி கனம், கீழேயும் வைக்கவில்லை.

நான் செயினைக் கழற்றினேன். கொக்கி சின்னது, கண்ணாடி போடாமல் தெரியவில்லை, கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் நின்றுகொண்டே இருந்தார். சாவியைத் தனியாக எடுத்து, தொட்டிக்கு அடியில் இருந்த அவர் விரல்களுக்கு இடையில் வைத்தேன். திறந்துகொண்டு வெளியே போனார்.

அடுக்களைக்கு வந்து டீ போட்டேன். இரண்டு கிளாஸில் ஊற்றி மேசையில் வைத்தேன். நாலு மணி ஆயிற்று. கதவு திறந்து கிடக்கிறது, காற்று வருகிறது, உள்ளே இருந்து அவர் முதுகு பாதிதான் தெரிகிறது. கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று எழுந்தேன். உட்கார்ந்தேன். டீயில் ஆடை படிந்தது. வாய் வரை வந்த வார்த்தையை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தேன். இவ்வளவு கஷ்டமான டியூட்டி நான் பார்த்ததில்லை.

ரொம்ப நேரம் கழித்துக் கை நிறைய மண்ணோடு அவரே வந்தார். கிளாஸைத் தொட்டுப் பார்த்தார்.

"டீ ஆறிப் போச்சேட்டி. விளிச்சிருக்கலாம்லா?"

"ஆறட்டும்னு விட்டுட்டேன்" என்றேன்.

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அந்த ஆறிய டீயை நின்றபடியே குடித்துவிட்டு, நல்லா இல்லை, வேறு போடு என்றார்.